ஹாலோவீன் அலங்காரம்: குழந்தைகளின் கையாலேயே செய்யக்கூடியவை

கனடாவிலும் அமெரிக்காவிலும் அக்டோபர் பிறந்ததுமே கடைகளின் முன்வரிசை முழுவதும் பிளாஸ்டிக் எலும்புக்கூடுகளும் காற்றடைத்த பேய்களும் வந்து நிறைந்துவிடுகின்றன. பணத்தைக் கொடுத்தால் ஒரே பிற்பகலில் வீட்டு வாசலைச் சுடுகாடாக மாற்றிவிடலாம். ஆனால் அந்த அலங்காரத்தில் குழந்தைக்கு வேலை எதுவும் இருக்காது. பெட்டியைப் பிரிப்பதோடு அதன் பங்கு முடிந்துவிடும். பிள்ளைகள் வேடமிட்டு வீடுவீடாக மிட்டாய் கேட்டு வரும் ஹாலோவீன் நாளான அக்டோபர் 31ஆம் தேதி மாலைக்குள் வீட்டிலேயே என்னென்ன செய்யலாம், எதை எப்போது தொடங்க வேண்டும், எந்த இடத்தில் மட்டும் பெரியவர் கை வைக்க வேண்டும் என்பதை இங்கே விளக்குகிறேன். கத்தி, சூடு, உயரம் ஆகிய மூன்றும் பெரியவருடைய பொறுப்பு. மற்றவை எல்லாம் குழந்தையுடையவை. வௌவாலின் சிறகு கோணலாக வெட்டப்பட்டாலும், பூசணியின் ஒரு கண் மற்றொன்றைவிடப் பெரிதாகிவிட்டாலும் அதைத் திருத்தப் போகாதீர்கள்; பயமுறுத்த வேண்டிய முகத்துக்குக் கோணல்தான் அழகு.

பேய், பிசாசு என்ற பேச்சே வேண்டாம் என்று நினைக்கும் வீடுகளும் நம்மிடையே உண்டு. ஆந்தை, கறுப்புப் பூனை என்று திசை மாற்றிக்கொள்ளலாம். அவையும் அபசகுனம் என்று பாட்டி முகம் சுளித்தால், பூசணியும் நிலவும் சோளக்கொல்லைப் பொம்மையும் இருக்கவே இருக்கின்றன. எவ்வளவு பயம் வேண்டும் என்பதைக் குழந்தையிடமே கேட்டு முடிவு செய்வது நல்லது. நான்கு வயதுக் குழந்தைக்கு, தான் செய்த பேயே இரவில் சாளரத்தில் ஆடும்போது அச்சமூட்டலாம். அப்போது அதற்கு ஒரு சிரித்த வாயை ஒட்டிவிட்டால் சிக்கல் தீர்ந்தது.

வேலைகளை எந்த வரிசையில் செய்வது என்பதுதான் பலருக்குப் பிடிபடாத இடம். காகிதத்திலும் துணியிலும் செய்பவை கெடாதவை என்பதால் மாதத் தொடக்கத்திலேயே அவற்றைச் செய்துவிடலாம். கனடாவில் அக்டோபர் மாதத்தின் இரண்டாவது திங்கட்கிழமை நன்றி நவிலல் விடுமுறையாதலால், அந்த வார இறுதி இதற்கு வசதியாக அமைகிறது. பூசணிக்காயையும் அப்போதே வாங்கி வைக்கலாம், வெட்டத்தான் கூடாது. முழுக்காய் குளிர்ச்சியான, ஈரமில்லாத இடத்தில் வாரக்கணக்கில் இருக்கும். வெட்டிய காயோ சில நாட்களிலேயே பூஞ்சை பிடித்து முகம் உள்வாங்கிவிடும். ஆகவே கத்தியை 29ஆம் தேதிக்கு முன்னால் எடுக்க வேண்டாம்.

காகிதத்தில் தொடங்குவோம்

வௌவால்தான் எல்லாவற்றிலும் எளிது. கறுப்புத் தடித்தாளை இரண்டாக மடித்து, மடிப்பை ஒட்டி அரை வௌவாலை மட்டும் வரைந்து வெட்டி விரித்தால் இரு சிறகும் சமமாக வரும். மடிப்பை வெட்டிவிடக் கூடாது என்பதை முன்பே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் இரண்டு ஒற்றைச் சிறகுகள்தான் கிடைக்கும். பல அளவுகளில் வெட்டி, சுவரின் ஒரு மூலையில் பெரியவற்றை நெருக்கமாகவும், தள்ளிப்போகப் போகச் சிறியவற்றை இடைவெளி விட்டும் ஒட்டினால், கூட்டமாகப் பறந்து வருவது போலத் தோன்றும். சுவருக்கு வண்ணம் அடிப்பவர்கள் பயன்படுத்தும் நீல நிற ஒட்டுநாடாவால் ஒட்டினால், கழற்றும்போது வாடகை வீட்டுச் சுவரின் வண்ணம் உரிந்து வராது. சிறகுகளைச் சற்றே முன்னால் மடித்துவிட்டு, உடலை மட்டும் சுவரில் ஒட்ட வேண்டும்.

முட்டை அட்டையின் ஒவ்வொரு குழியும் ஒரு சிலந்தி. கறுப்பு வண்ணம் பூசிக் காயவைத்து, பஞ்சு சுற்றிய கம்பிகள் நான்கைப் பாதியாக வெட்டி, பக்கத்துக்கு நான்காகச் செருகினால் எட்டுக் கால்கள் வந்துவிடும். அந்தக் கம்பிகளின் வெட்டு முனை குத்தும் என்பதால் நுனியைச் சிறிது மடித்துவிட வேண்டும். சிலந்திக்கு ஆறு காலா எட்டுக் காலா என்ற கேள்விக்கு வேலையின் நடுவே விடை கிடைத்துவிடும்.

சிலந்திக்கு வலை வேண்டும். கடையில் பஞ்சு போல இழுத்து விரிக்கும் செயற்கை வலையை விற்கிறார்கள். அதைச் செடிகளின் மேலும் மரக்கிளைகளிலும் விரிக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதன் மெல்லிய இழைகளில் சிறு பறவைகளும் வௌவால்களும் சிக்கிக்கொள்கின்றன என்று வனவிலங்கு மீட்பு நிலையத்தார் ஆண்டுதோறும் எச்சரிக்கிறார்கள். கம்பளி நூலே போதுமானது. வாசல் தூண்களுக்கிடையே ஒரே மையத்தில் குறுக்கிடும்படி நான்கைந்து நூல்களை இழுத்துக் கட்டிவிட்டு, மையத்திலிருந்து சுற்றிச் சுற்றி வெளியே வரும் நூலை ஒவ்வொரு குறுக்கு நூலிலும் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். கண்ணிகள் கைப்பிடி நுழையும் அளவுக்கு அகலமாக இருந்தால் எந்த உயிருக்கும் தொல்லையில்லை. கட்டுவது பெரியவர், சுற்றுவது குழந்தை. நடைவழியின் குறுக்கே மட்டும் கட்டாதீர்கள். இருட்டில் மிட்டாய்க்கு வரும் பிள்ளைகள் தடுக்கி விழுவார்கள்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு வாசல் திண்ணை கிடையாது. பல கட்டடங்களில் தீ விதிகளின்படி பொதுக் கூடத்தை ஒட்டிய கதவின் வெளிப்பக்கத்தில் எதையும் தொங்கவிட முடியாது. அவர்களுக்குச் சாளரம் இருக்கிறது. கறுப்புத் தாளில் பூனை, விளக்குமாற்றில் பறக்கும் சூனியக்காரி, இலையுதிர்ந்த மரம் என்று நிழலுருவங்களை வெட்டிக் கண்ணாடியின் உட்புறத்தில் ஒட்டி, பின்னால் ஆரஞ்சு நிற டிஷ்யூ தாளைச் சேர்த்து, அறை விளக்கைப் போட்டுவிட்டால் கீழே தெருவிலிருந்து பார்ப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். தீபாவளிக்கு வாங்கிய வண்ண விளக்குச் சரத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துச் சாளர விளிம்பில் வைத்தால், அது இரண்டு பண்டிகைகளுக்கும் உதவும்.

கஞ்சி போட்ட துணிப் பேய்

ஒரே ஒரு பொருளைத்தான் செய்ய நேரமிருக்கிறது என்றால் நான் இதைத்தான் சொல்வேன். உள்ளே எதுவும் இல்லாமல் துணி தானாகவே நிற்பதைப் பார்க்கும் குழந்தைக்கு அது மாயமாகவே தோன்றும். தந்திரம் வேறொன்றுமில்லை, வேட்டிக்குக் கஞ்சி போடுவது போலத்தான். கஞ்சி மட்டும் இன்னும் கெட்டியாக இருக்க வேண்டும்.

இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் புட்டியை நிறுத்தி, அதன் வாயில் அலுமினியத் தாளைக் கசக்கி உருட்டிய பெரிய பந்தை வைத்தால் அது தலை. பலர் பலூனை வைப்பார்கள். உடைந்த பலூன் துண்டு சிறு குழந்தைகளின் தொண்டையில் அடைத்துக்கொள்ளும் ஆபத்து உள்ளதால், எட்டு வயதுக்குட்பட்டவர்கள் இருக்கும் வீட்டில் அலுமினியப் பந்தே நல்லது. புட்டியின் தோள்பட்டைக்கு நேரே ஒரு கம்பியைச் சுற்றி இரு பக்கமும் நீட்டிவிட்டால் அவை கைகள். இந்த உருவம் முழுவதையும் சமையலறையில் பாத்திரம் மூடும் மெல்லிய பிளாஸ்டிக் உறையால் சுற்றிவிட வேண்டும். இதை மறந்தால், காய்ந்தபின் துணி புட்டியை விட்டு வராது.

துணி மெல்லியதாக இருக்க வேண்டும். பால் வடிகட்டவும் பாலாடைக்கட்டி பிழியவும் விற்கும் சல்லாத் துணி மிகப் பொருத்தம். கடையில் அது மடிப்பாகக் கிடைக்கும். சுமார் ஒரு மீட்டர் எடுத்து, சதுரமான துண்டுகளாக வெட்டிக்கொள்ளலாம். ஓரங்களை ஒழுங்காக வெட்ட வேண்டியதில்லை, குழந்தை இழுத்துக் கிழித்து நூல் தொங்கினால் பேய்க்கு அதுதான் அழகு. கஞ்சிக்கு வெள்ளைப் பசை ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு கலந்தால் போதும். பசை வாங்க விருப்பமில்லாதவர்கள், இரண்டு மேசைக்கரண்டி சோள மாவைச் சிறிது குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, ஒரு கோப்பைக் கொதிநீரில் ஊற்றிக் கிளறி, கலவை கண்ணாடி போலத் தெளியும்வரை காய்ச்சி ஆறவிட்டுப் பயன்படுத்தலாம். அடுப்பு வேலை பெரியவருடையது. ஆறிய கஞ்சியில் துணியை முக்கிப் பிசைவதைக் குழந்தையிடமிருந்து யாரும் பறிக்க முடியாது. மேசையில் பழைய செய்தித்தாளும் மேலே ஒரு பழைய சட்டையும் முன்பே தயாராக இருக்கட்டும்.

கஞ்சியில் நனைந்த துணியை, சொட்டுவது நிற்கும் அளவுக்குப் பிழிந்து, தலையின் நடுவில் விழும்படி போர்த்த வேண்டும். முதல் துணியின் மூலைகள் முன்னும் பின்னும் வந்தால், அடுத்த துணியைச் சற்றுத் திருப்பி, அதன் மூலைகள் கைகளின் மேல் விழும்படி போடலாம். இரண்டு மூன்று அடுக்கு இருந்தால்தான் பேய் நிமிர்ந்து நிற்கும். கீழே துணி தரையைத் தொட்டு ஓரளவாவது பரவியிருக்க வேண்டும், நிற்பதற்கான பிடிமானம் அங்கேதான் இருக்கிறது. பிறகு ஓர் இரவும் பகலும் அதைத் தொடக்கூடாது. குழந்தைக்கு இந்த வேலையிலேயே கடினமான பகுதி இந்தக் காத்திருப்புதான். அவசரப்பட்டால் தலைமுடி உலர்த்தும் கருவியால் சிறிது உதவலாம். அடியில் தொட்டுப் பார்த்து, ஈரமே இல்லை என்று தெரிந்தபின், கம்பியை வளைத்துவிட்டு, புட்டியைக் கீழ்ப்பக்கமாக மெதுவாக உருவ வேண்டும். கறுப்புத் துணியில் வெட்டிய இரண்டு கண்களை ஒட்டி, பேட்டரியில் எரியும் சிறு விளக்கை உள்ளே வைத்தால் வேலை முடிந்தது. மழையும் பனியும் பட்டால் கஞ்சி இளகிப் பேய் சரிந்துவிடும் என்பதால் இதன் இடம் வீட்டுக்குள்தான்.

சோளக்கொல்லைப் பொம்மை

அக்டோபர் நடுவில் மேப்பிள் இலைகள் கொட்டத் தொடங்கும்போது, அவற்றைக் கூட்டி அள்ளும் வேலையைப் பிள்ளைகள் தலையில் கட்ட இதைவிடச் சிறந்த காரணம் கிடைக்காது. அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டையும் கால்சட்டையும் எடுத்து, கை, கால் முனைகளைச் சணல் கயிற்றால் கட்டி, உள்ளே சருகைத் திணிக்க வேண்டும். சருகு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈர இலை இரண்டே நாளில் நாறத் தொடங்கும். பழைய காலுறைக்குள் இலை திணித்தால் பாதமாகும், தோட்டக் கையுறை கையாகும். பழைய தலையணை உறையில் சருகை நிரப்பிக் கட்டினால் தலை. முகத்தை அழியாத மைப் பேனாவால் வரையும் பொறுப்பு வீட்டின் கடைக்குட்டியினுடையது. நாற்காலியில் உட்காரவைத்து, இடுப்பை நாற்காலியோடு சேர்த்துக் கட்டிவிட வேண்டும், காற்று பலமாக அடிக்கும் மாதம் இது.

பூசணி விளக்கு

அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் முன்னர் டர்னிப் கிழங்கைக் குடைந்து, முகம் செதுக்கி, உள்ளே மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். 19ஆம் நூற்றாண்டில் அங்கிருந்து வட அமெரிக்காவுக்குக் குடியேறியவர்களுக்கு இந்த மண்ணில் விளைந்த பூசணி கிடைத்தது. பெரியது, மென்மையானது, குடைவது எளிது. அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் உள்ள கிராமிய வாழ்க்கை அருங்காட்சியகத்தில் பழைய டர்னிப் முகம் ஒன்றின் வார்ப்பு இருக்கிறது. சுருங்கிய தோலும் ஒழுங்கில்லாத பல்லுமாக இருக்கும் அதன் படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பூசணி முகங்கள் எல்லாம் சாதுவாகிவிடும்.

காயைத் தேர்ந்தெடுக்கும்போது அடி தட்டையாக இருக்கிறதா, காம்பு பச்சையாகவும் உறுதியாகவும் இருக்கிறதா, எங்கேனும் விரல் அமுங்குகிறதா என்று பார்க்க வேண்டும். காம்பைப் பிடித்துத் தூக்கக் கூடாது, ஒடிந்துவிடும். சமையலுக்கென்று விற்கும் சிறிய காய்களின் சதை அடர்த்தியானது என்பதால் செதுக்குவது சிரமம்.

பெரும்பாலோர் மேலே மூடி போல வெட்டுவார்கள். நான் அடிப்பக்கத்தை வட்டமாக வெட்டச் சொல்வேன்: காம்போடு மேற்பகுதி அப்படியே இருப்பதால் காய் சீக்கிரம் உள்வாங்காது, விளக்கைத் தரையில் வைத்து அதன்மேல் காயைக் கவிழ்த்தாலே போதும். மேலேதான் வெட்டுவேன் என்பவர்கள் கத்தியை உள்நோக்கிச் சாய்த்து வெட்ட வேண்டும். நேராக வெட்டிய மூடி உள்ளே விழுந்துவிடும். வெட்டியபின் காய் குழந்தையினுடையது. ஐஸ்கிரீம் எடுக்கும் கரண்டியால் நாரையும் விதையையும் சுரண்டி எடுக்கட்டும். முகம் வரப்போகும் பக்கத்தின் உட்சுவரை இரண்டரை சென்டிமீட்டர் கனம் வரும்வரை சுரண்டினால் செதுக்குவதும் எளிது, வெளிச்சமும் நன்றாக வரும்.

முகத்தைக் குழந்தை தாளில் வரையட்டும். அந்தத் தாளைக் காயின்மேல் ஒட்டி, கோடுகளின் வழியே குண்டூசியால் நெருக்கமாகக் குத்திக்கொண்டு போனால், தாளை எடுத்தபின் தோலில் புள்ளிக் கோலம் இருக்கும். புள்ளிகள் சரியாகத் தெரியாவிட்டால் சிறிது கோதுமை மாவைத் தடவித் துடைத்துவிட்டால் வெள்ளையாகத் தெளியும். இனி வெட்டு. சமையலறைக் கத்தி வழுக்கும். பூசணி செதுக்கவென்றே விற்கும் சிறு ரம்பம் அறுத்து அறுத்துத்தான் நகரும் என்பதால் கைக்குப் பாதுகாப்பு அதிகம். பத்து வயதைத் தாண்டிய பிள்ளை, பக்கத்தில் பெரியவர் இருக்க, அந்த ரம்பத்தைப் பிடிக்கலாம். மூக்கு, கண் போன்ற நடுப்பகுதியை முதலில் வெட்டிவிட்டு, அகலமான வாயைக் கடைசியில் வெட்ட வேண்டும். வாயை முதலில் வெட்டினால் சுவர் வலுவிழந்து மற்ற வெட்டுகளின்போது பிளக்கும். வெட்டிய துண்டை வெளிப்பக்கமாக இழுக்காமல் உள்ளே தள்ளுங்கள்.

ரம்பம் பிடிக்க முடியாத சிறு குழந்தைக்குத் தனியாக ஒரு சிறிய காய் வேண்டும், வெட்டாமல் வண்ணம் தீட்டுவதற்கு. பள்ளியில் பயன்படுத்தும் போஸ்டர் வண்ணம் மெழுகுத் தோலில் ஒட்டாமல் உரிந்துவிடும். அக்ரிலிக் வண்ணம் நிற்கும். புதுவீட்டு வாசலில் தொங்கும் திருஷ்டிப் பூசணிக்காயைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். உருட்டு விழி, முறுக்கு மீசை, வெளியே தொங்கும் சிவப்பு நாக்கு ஆகியவற்றை வரைந்து வாசலில் வைத்தால், அந்தத் தெருவிலேயே அப்படியொரு காய் வேறெங்கும் இருக்காது.

இன்னொன்றுக்கு இளநீலப் பச்சை வண்ணம் பூசலாம். உணவு ஒவ்வாமை உள்ள குழந்தைகளுக்கு மிட்டாய்க்குப் பதிலாகப் பென்சில், ஒட்டுப்படம் போன்றவை இந்த வீட்டில் உண்டு என்பதற்கு அது அடையாளம். ஒவ்வாமை விழிப்புணர்வு அமைப்பான ஃபேர் 2014இல் இதை அமெரிக்கா முழுவதும் எடுத்துச் சென்றது. நிலக்கடலை ஒவ்வாமை உள்ள குழந்தையைப் பெற்றவர்கள் தொலைவிலிருந்தே அந்த நிறத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

விளக்கு பேட்டரியில் எரிவதாகவே இருக்கட்டும். நீளமான ஆடைகளை அணிந்த பிள்ளைகள் வாசற்படியில் குனியும் இரவு அது. மெழுகுவர்த்தியின் சுடர் அழகுதான், ஆனால் அந்த அழகுக்காக ஆபத்தை விலைக்கு வாங்க வேண்டாம். வெட்டிய காயை இரவு உறைபனியில் வெளியே விட்டுவிடாதீர்கள். உறைந்து இளகிய சதை குழைந்துபோகும். அணில்கள் கடிக்கும் என்பதாலும் 31ஆம் தேதி மாலைவரை அது உள்ளே இருப்பது நல்லது. சற்று வாடினால் சில மணி நேரம் குளிர்ந்த நீரில் ஊறவைத்தால் மீண்டும் விறைக்கும்.

விதைகளை எறிய வேண்டாம். நார் போக அலசி, துணியில் ஒற்றி ஈரம் போக்கி, சிறிது எண்ணெய், உப்பு, மிளகாய்த்தூள், ஒரு சிட்டிகை பெருங்காயம் சேர்த்துப் பிரட்டி, தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, 350 பாரன்ஹீட் வெப்பத்தில் 15 முதல் 20 நிமிடம்வரை வறுத்தால் மொறுமொறுப்பாகிவிடும். நடுவில் ஒருமுறை கிளறிவிட வேண்டும். மழலைகளுக்கு முழு விதை கொடுக்கக் கூடாது, தொண்டையில் சிக்கும்.

மிட்டாய்ப் பை ஒன்று மீதமிருக்கிறது. பழைய தலையணை உறைதான் எப்போதும் சிறந்தது, கிழியாது, கொள்ளளவும் தாராளம். உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டி, அந்த முகப்பில் பூசணி உருவத்தைப் பெரியவர் செதுக்கிக் கொடுத்தால், குழந்தை துணி வண்ணத்தில் தோய்த்து உறை முழுவதும் முத்திரை குத்தும். டொராண்டோவில் அன்று சூரியன் மாலை ஆறு மணியளவிலேயே மறைந்துவிடுவதால், பையின் இரு பக்கமும் ஒளியைத் திருப்பி அனுப்பும் நாடாவைப் பட்டையாக ஒட்டிவிடுங்கள். ஓட்டுநர்களுக்குப் பிள்ளை வருவது தெரியும்.

நவம்பர் 1ஆம் தேதி டொராண்டோவின் சோராரென் பூங்காவில் அக்கம்பக்கத்தார் தங்கள் பூசணிகளைக் கொண்டுவந்து வரிசையாக அடுக்கி, மீண்டும் ஒருமுறை விளக்கேற்றுகிறார்கள். வேறு பல பூங்காக்களிலும் இப்படி நடக்கிறது. அங்கே போகாதவர்கள், வண்ணம் பூசாத காயை விளக்கை எடுத்துவிட்டு, உணவுக் கழிவுக்கான பச்சைத் தொட்டியில் போடலாம். பொம்மையின் சருகு தோட்டக் கழிவுக்கான காகிதப் பைக்குள் போகும். துணிப் பேயை மட்டும் நசுங்காமல் பெரிய அட்டைப் பெட்டியில் நிற்கவைத்து, ஈரம் படாத அலமாரியில் வையுங்கள். அடுத்த ஆண்டு கொஞ்சம் தொய்ந்திருந்தால், பசை நீரைத் தெளித்து மீண்டும் புட்டியின் மேல் போர்த்திக் காயவைத்துக்கொள்ளலாம்.